2007-ல் தொடங்கிய கணக்கை மூடப் போகிறேன்

2007-ல் தொடங்கிய ஒரு மெயில் கணக்கையும், அந்த மெயிலை வைத்தே திறந்த ஒரு சமூக வலைத்தளக் கணக்கையும் இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக மூடுகிறேன். மூடும் பட்டனை அழுத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முந்தைய வேலை ஐந்து வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று இடங்களில், இதைக் கவனிக்காமல் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நெஞ்சு பதறியது. இதே எண்ணத்தில் இருக்கிறவர்கள் அந்த இடங்களையாவது முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் மறப்பதற்குள் எழுதுகிறேன்.

ஏன் மூடுகிறேன் என்றால், புது முகவரிக்கு மாறி மூன்று வருடம் ஆகிவிட்டது. பழையதில் விளம்பரங்களைத் தவிர எதுவும் வருவதில்லை. ஆனால் உள்ளே என் அடையாள அட்டையின் ஸ்கேன் இருக்கிறது, பழைய சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன, சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கைகள், யார் யாருடைய போன் நம்பர்களோ இருக்கின்றன. போன வருடம் வேறொரு தளத்திலிருந்து என் பழைய பாஸ்வேர்ட் கசிந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோதுதான் உறைத்தது, நான் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வீட்டில் என் பத்திரங்களையெல்லாம் வைத்திருக்கிறேன் என்று. பாஸ்வேர்டை மாற்றினேன். அது போதும் என்று மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். போனிலிருந்து ஆப்பை நீக்குவது கணக்கை நீக்குவது ஆகாது, இது பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல், கணக்குத் தொடங்க வழி தரும் ஆப்கள் அந்தக் கணக்கை நீக்கவும் ஆப்புக்குள்ளேயே வழி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது, அதற்கு முன்பெல்லாம் நீக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. அடுத்தது, முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைவீர்கள், தரவு அப்படியே அவர்களிடம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். நீக்கினால் ஒரு காத்திருப்புக் காலம் ஓடும், அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் அந்தக் காலம் 30 நாள். ஃபேஸ்புக்கில் சர்வர்களிலிருந்து முழுவதுமாக அழிய, நீக்கும் வேலை தொடங்கியதிலிருந்து 90 நாள் வரை ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்டில் 30 அல்லது 60 என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வாட்ஸ்ஆப்பில் நீக்கினால் அத்தோடு சரி, மனம் மாறினாலும் அந்தக் கணக்கைத் திரும்பப் பெற முடியாது. கூகுள் இத்தனை நாள் என்று எந்த வாக்குறுதியும் தருவதில்லை. அதனால் பட்டனை அழுத்தும்போதே அது முடிந்துபோன விஷயம் என்று எண்ணிச் செயல்படுவதுதான் பாதுகாப்பு.

தரவை எடுத்து வைப்பதுதான் முதல் வேலை என்று நானும் நினைத்தேன். இல்லை. முதல் வேலை, அந்தக் கணக்கு வேறு எந்தெந்தக் கதவுகளுக்குச் சாவியாக இருக்கிறது என்று பார்ப்பது. மெயில் கணக்கு என்றால் இது இன்னும் முக்கியம். பாஸ்வேர்ட் மறந்தால் லிங்க் போய்ச் சேருகிற இடம் அதுதான், சில இடங்களில் ஓடிபியும் அங்கேதான் வரும். மெயிலை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு எங்கோ பாஸ்வேர்ட் மறந்தால், அந்தக் கணக்கும் கையைவிட்டுப் போனது போலத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பெட்டிக்குள்ளேயே தேடினேன். வெல்கம், வெரிஃபை, பாஸ்வேர்ட் ரீசெட், இன்வாய்ஸ், சப்ஸ்கிரிப்ஷன் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுத் தேடி, வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். அப்புறம் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்ட் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். மொத்தம் 64 இடங்கள். இருபதுக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் ஒன்பது இடங்களில் எனக்குப் பாஸ்வேர்டே கிடையாது, ஏதோ ஒரு அவசரத்தில் "இந்தக் கணக்கின் மூலம் உள்ளே நுழை" என்ற பட்டனை அழுத்திப் போனவை. இவைதான் ஆபத்தானவை, ஏனென்றால் தாய்க் கணக்கு போனால் இவற்றுக்குள் நுழைய வேறு வழியே இல்லை. ஒவ்வொன்றிலும் போய் முதலில் தனிப் பாஸ்வேர்ட் வைத்து, மெயில் முகவரியை மாற்றி, வெளியேறி, புது முகவரியில் திரும்ப நுழைந்து பார்த்த பிறகுதான் நோட்டில் கோடு அடித்தேன். அப்படி நுழைந்து பார்க்காமல் எதையும் முடிந்ததாக எண்ணாதீர்கள். ஒரு தளத்தில் முகவரி மாறிவிட்டது என்று திரையில் செய்தி வந்தது, ஆனால் உறுதிப்படுத்தும் லிங்க் பழைய பெட்டிக்குப் போயிருந்தது. அதை அழுத்தும் வரை உண்மையில் எதுவும் மாறவில்லை.

இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடுகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் குறியீடுகளைத் தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் ஆப் 2023 ஏப்ரலிலிருந்து அவற்றைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்க வழி தருகிறது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் மூடப் போகும் கணக்கிலேயே அவை கிடந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மீட்புக் குறியீடுகள் என்று எட்டோ பத்தோ எண்கள் தருவார்கள் அல்லவா, அவற்றைப் பழைய மெயிலிலேயே டிராஃப்டாக வைத்திருப்பவர்கள் உண்டு. நான் வைத்திருந்தேன்.

போனும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு போனில் அந்தக் கணக்கு மட்டும்தான் இருக்கிறதென்றால், முதலில் புதுக் கணக்கைச் சேர்த்து, பழையதைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பிறகு மூடுங்கள். ஆப்பிள் கணக்கு என்றால் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிய பிறகே மூட வேண்டும். இல்லையென்றால் என்றோ ஒரு நாள் போனை ரீசெட் செய்யும்போது, இல்லாத ஒரு கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அது நிற்கும்.

சரி, தரவுக்கு வருவோம்.

எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகும் 2016 செப்டம்பர் வரை, நம் தரவைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் என்ற வசதி மூலம் அவரவர் படங்களையும் எழுதியவற்றையும் எடுத்துக்கொள்ள வழி இருந்தது. இரண்டு முழு வருடம். நான் எடுக்கவில்லை. நண்பர்கள் எழுதிக் கொடுத்த டெஸ்டிமோனியல்கள், ராத்திரி முழுக்க மாறி மாறி எழுதிய ஸ்கிராப்புகள், எதுவும் இன்று என்னிடம் இல்லை. அப்படி எழுதியவர்களில் ஒருத்தி இப்போது உயிரோடும் இல்லை. அவள் கைப்பட எனக்கு எழுதியது வேறு எங்கேயும் கிடையாது. இந்த முறை ஐந்து வாரம் ஆனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது பெரும்பாலான சேவைகளில் உங்கள் தரவைத் தரவிறக்க ஒரு இடம் இருக்கிறது. கூகுள் டேக்அவுட் 2011-லேயே வந்துவிட்டது. மற்ற பல இடங்களில் இந்த வசதி 2018-ஐ ஒட்டி வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அந்த வருடம் மே 25 அன்று அமலுக்கு வந்ததே காரணம். தன் தரவின் நகலைக் கேட்கவும், அதை வேறிடத்துக்கு எடுத்துப் போகவும், அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. ஐரோப்பாவில் இல்லாதவர்களுக்கும் பல நிறுவனங்கள் அதே பட்டனைத் திறந்துவிட்டன. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் தனியுரிமை, கணக்கு, உங்கள் தகவல்கள் என்ற பெயர்களில் தேடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு படி உள்ளே இருக்கும்.

கேட்டவுடன் கிடைக்காது. தயாரானதும் லிங்க் அனுப்புவார்கள், சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அந்த லிங்குக்கு ஆயுள் குறைவு, டேக்அவுட்டில் ஏறக்குறைய ஒரு வாரம்தான். என் சமூக வலைத்தளக் கணக்குக்குக் கேட்டது வெள்ளிக்கிழமை, லிங்க் வந்தது ஞாயிறு, நான் பார்த்தது அடுத்த வெள்ளி, அதற்குள் காலாவதி ஆகியிருந்தது. திரும்பக் கேட்டு இன்னொரு மூன்று நாள் காத்திருந்தேன். அதனால் ஓய்வு இருக்கும் வாரத்தில் கேளுங்கள். கோப்பின் அளவையும் கவனியுங்கள், 50 ஜிபி ஒரே கோப்பாக இறங்கும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து. 2 ஜிபி துண்டுகளாகக் கேட்டால் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுக்கலாம். அப்புறம் ஒரு பொறி. தரவை மெயில் லிங்காகத் தரவா, கிளவுடில் போட்டுவிடவா என்று கேட்பார்கள். கிளவுடைத் தேர்ந்தெடுத்தால் அது மூடப் போகும் அதே கணக்கின் கிளவுடாக இருக்கலாம். கணக்கு மூடும்போது அந்த நகலும் சேர்ந்தே போகும்.

ஜிப் கோப்புகள் இறங்கி முடிந்ததும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதை நம்பாதீர்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சமூக வலைத்தளத்தில் தரவை இணையப் பக்கமாகத் திறக்கும் எச்டிஎம்எல் வடிவிலும் வாங்கலாம், மென்பொருள்கள் படிக்கும் ஜேசான் வடிவிலும் வாங்கலாம். ஜேசான் பின்னாளில் வேறு மென்பொருளில் ஏற்ற வசதி என்று படித்திருந்ததால் அதையே வாங்கினேன். உரையாடல்கள் இருந்த ஃபோல்டரில் ஒரு கோப்பை பிரவுசரில் திறந்தேன். ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் சரியாக இருந்தது. தமிழில் பேசியது ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில் தலைமேல் சாய்கோடு போட்ட ஒரு லத்தீன் எழுத்து, பக்கத்தில் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறிக்குப் போடுவார்களே அந்த வட்டம், மறுபடி அதே சாய்கோட்டு எழுத்து, மறுபடி வட்டம், இப்படியே பக்கம் பக்கமாக. பதினைந்து வருடம் நாங்கள் தமிழில்தான் பேசியிருக்கிறோம். எல்லாம் இப்படி.

கணினி தெரிந்த தோழி ஒருத்தி போனில் விளக்கினாள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். அம்மா என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால் என்று ஐந்து குறியீடுகள், ஆக பதினைந்து பைட். தரவை எழுதிய நிரல் அந்தப் பதினைந்தையும் பதினைந்து தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எண்ணி எழுதிவிட்டது, அவ்வளவுதான். எதுவும் அழியவில்லை, தவறான கண்ணாடி வழியாகத் தெரிகிறது. ஒவ்வொரு வரியையும் லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறையாக எடுத்துப் பைட்டாக்கி, அதை யூடிஎஃப்-8 என்று திரும்பப் படிக்கச் சொன்னால் தமிழ் வந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. அவள் எழுதி அனுப்பிய சிறு நிரலை ஓட்டினேன். ஓட்டி முடித்து முதல் கோப்பைத் திறந்தபோது "சாப்டியா, லேட்டாகுமா" என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த நிமிடம் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நிரல் எழுத ஆள் இல்லாதவர்கள் எச்டிஎம்எல்லையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், எனக்கு வந்த எச்டிஎம்எல் நகலில் தமிழ் ஒழுங்காகவே இருந்தது. இரண்டு வடிவிலும் வாங்கிவைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதுகிற நமக்கு இதே போல இன்னொன்றும் உண்டு. பழைய மெயில்களில் இணைப்பாக வந்த வேர்டு கோப்புகள். யூனிகோடு பரவலாகும் முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. இன்றைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஏதோ ஒன்றுதான் தெரியும், பார்த்தவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். எழுத்துரு மாற்றி எதிலாவது ஒட்டி யூனிகோடாக்கிவிடலாம், அசல் கோப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியில் வந்த பழைய மெயில்களுக்கும் இதுதான் வழி.

மெயில்கள் எம்பாக்ஸ் என்ற வடிவில் வரும். ஒரே பெரிய கோப்பு, இரண்டு முறை தட்டினால் திறக்காது, அதனால் பயந்துவிட வேண்டாம். தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் ஃபோல்டராகத் தெரியும், தேடலாம், இணைப்புகளைத் திறக்கலாம். தொடர்புகள் விகார்டு வடிவிலும் நாட்காட்டி ஐகேலண்டர் வடிவிலும் வரும், இவை இரண்டையும் பெரும்பாலான சேவைகள் ஏற்றுக்கொள்ளும், கவலையே இல்லை.

படங்களில்தான் இன்னொரு இடறல். வீட்டுப் பழைய ஆல்பங்களை ஒரு முறை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து தேதி கொடுத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று குறிப்பு எழுதியது மூன்று மாத வேலை. தரவிறக்கிப் பார்த்தால் படங்கள் எல்லாம் இருந்தன, தேதியும் குறிப்பும் மட்டும் எதிலும் இல்லை. கேமராவில் எடுத்த படத்தில் எடுத்த நேரம் படக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற பகுதியில் பதிந்திருக்கும். நாம் பிற்பாடு அந்தச் சேவைக்குள் போய்த் தட்டச்சு செய்தது படத்துக்குள் போகவில்லை, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு குட்டி ஜேசான் கோப்பாக வந்திருந்தது. முதல் நாள் அந்தக் குட்டிக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழிக்கப் போனவள் நான். ஒன்றைத் திறந்து பார்த்தேன். "தாத்தா, பெரியத்தை, பின்னால் நிற்பது யாரென்று தெரியவில்லை" என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. தேதி மட்டும் ஒரு நீள எண், அதுவும் கழித்தல் குறியோடு. 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய வினாடிகள் அவை, அதற்கு முந்தைய படம் என்றால் கழித்தலில்தான் வரும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் இந்தக் குறிப்புகளைப் படங்களுக்குள் எழுதிவிட முடியும். அது கைவராவிட்டாலும் பரவாயில்லை, படமும் குட்டிக் கோப்பும் பிரியாமல் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

ஆன்லைன் ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணினியில் கூகுள் டிரைவ் ஃபோல்டரைத் திறந்தால் நாம் எழுதிய ஆவணங்கள் வரிசையாகத் தெரியும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்போம். அந்த ஜிடாக் கோப்பின் அளவைப் பாருங்கள், ஒரு கேபி கூட இருக்காது. அதற்குள் எழுத்து எதுவும் இல்லை, இணையத்தில் அந்த ஆவணம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். கணக்கு போனால் அந்த முகவரியில் எதுவும் இருக்காது. டேக்அவுட் வழியாக எடுத்தால் வேர்டு, எக்செல் வடிவில் உண்மையான கோப்பாக வரும். போனில் இடத்தை மிச்சப்படுத்தும் வசதியைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். கேலரியில் தெரிவது சின்ன மாதிரிப் படம், முழுப் படம் கிளவுடில்.

இனி, அதில் நம்முடையது மட்டும்தானா இருக்கிறது என்ற கேள்வி. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2013-ல் எங்கள் குடும்பத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆன்லைனில் தொடங்கினேன். யாருக்கு யார் பிள்ளை, எப்போது பிறந்தார்கள், எங்கே போனார்கள் என்று. பதினொரு பேர் சேர்ந்து நிரப்பியது, அதில் பாதிக்கு மேல் அத்தை ஒருத்தியே நினைவிலிருந்து சொன்னது. ஆவணத்தின் உரிமையாளர் நான். உரிமையாளரின் கணக்கு மூடினால் அந்த ஆவணம் பதினொரு பேருக்கும் போய்விடும். நான் மூடப் போகிறேன் என்று குடும்பத்தில் சொன்ன அன்று ராத்திரியே அத்தை கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ கணக்கை மூடினா அந்தப் பேரெல்லாம் போயிடுமா?"

"போகாது அத்தை, உங்க பேருக்கே மாத்திடறேன். ஒரு மெயில் வரும், அதுல சம்மதம்னு அழுத்துங்க."

பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "மெயில் வந்திருக்கு, யாரோ உரிமை தர்றாங்கன்னு போட்டிருக்கு. கண்டதையும் தொடாதேன்னு நீதானே சொன்னே, இதைத் தொடலாமா?" அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி, நான்தான் என்று உறுதியான பிறகு அழுத்தச் சொன்னேன். இப்போது பட்டியல் அத்தை பெயரில் இருக்கிறது.

அதனால் மூடுவதற்கு முன்பு, நீங்கள் பகிர்ந்த ஃபோல்டர்கள் எவை, நீங்கள் மட்டுமே நிர்வாகியாக இருக்கும் குழுக்கள் எவை என்று பார்த்து, இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். சம்மதம் வாங்குவதும் அவர்கள் ஏற்றுக்கொள்வதும் நாள் பிடிக்கும். கடைசி நாளில் செய்கிற வேலை இல்லை இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் மற்றவர்களுக்கு அனுப்பிய செய்திகள் நம் கணக்கோடு அழிவதில்லை. அவை அவர்கள் பெட்டியில் இருக்கும், அனுப்பியவர் பெயர் மட்டும் மறைந்திருக்கும். மெயிலும் அவர்களிடமே இருக்கும், அதில் பெயர்கூட மறையாது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒருவருக்கு எழுதிக் கொடுத்த கடிதம் அவருடையதுதானே. ஆனால் கணக்கை மூடினால் எல்லாம் துடைத்தாற்போல் ஆகிவிடும் என்று நினைத்து மூடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மூட வேண்டும்.

எடுத்துக்கொண்டு போகவே முடியாதவையும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள், விளையாட்டுகள், ஆப்கள். அவை பெரும்பாலும் நமக்கு விற்கப்பட்டவை அல்ல, அந்தக் கணக்கு இருக்கும் வரை படிக்க அனுமதி, அவ்வளவே. மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போய்விட்டன. கணக்கை நாமே மூடினால் பணத்துக்கும் பேச்சில்லை. மாதச் சந்தா ஏதாவது ஓடினால் அதைத் தனியாக ரத்து செய்யுங்கள். ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் போகும் சந்தாக்கள், அந்த ஆப்பின் கணக்கை நீக்கினாலும் தானாக நிற்பதில்லை.

இவ்வளவும் சேர்ந்து இப்போது என் மேசைமேல் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கணக்குக்காவது பாஸ்வேர்ட் இருந்தது, ஓடிபி இருந்தது. இந்த ஃபோல்டர் யார் கையில் கிடைத்தாலும் திறந்துகொள்ளும், என் பதினைந்து வருடப் பேச்சும் அடையாள அட்டையும் அதற்குள். எனவே பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டேன். விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கர் இருக்கிறது, மேக்கில் அந்த வசதி உள்ளேயே உண்டு, எதிலும் ஓடுகிற வெராகிரிப்ட் இலவசம். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வைத்தேன், மறந்தால் மீட்டுத் தர யாருமில்லை. இரண்டாவது டிஸ்க் தங்கை வீட்டில். பிரவுசரிலிருந்து எடுத்த பாஸ்வேர்ட் பட்டியல் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு, அதைப் பாஸ்வேர்ட் மேனேஜரில் ஏற்றிய கையோடு அழித்துவிட்டேன்.

நகல் முழுமையா என்று பார்க்க நான் செய்தது இதுதான். இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு வருடத்திலிருந்தும் ஒரு மெயில், ஒரு படம், ஒரு உரையாடல் திறந்து பார்த்தேன். 2011 மெயில்களில் இணைப்புகள் திறக்கவில்லை. தேடிப் பார்த்தால் இருபத்தேழு துண்டுகளில் பத்தொன்பதாவது துண்டு பாதியில் நின்றிருந்தது, அளவு மற்றவற்றில் பாதிகூட இல்லை. கணக்கு இன்னும் மூடவில்லை என்பதால் திரும்ப எடுக்க முடிந்தது.

பழைய முகவரி இன்னொருவருக்குப் போகுமா என்றும் பார்த்துவிடுங்கள். நீக்கிய ஜிமெயில் முகவரியை வேறு யாருக்கும் தருவதில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை, யாஹூ 2013-ல் வெகுநாள் பயன்படாமல் கிடந்த முகவரிகளைப் புதியவர்களுக்குத் திறந்துவிட்டது. உங்கள் பழைய முகவரி நாளை வேறொருவர் கைக்குப் போகக்கூடும் என்றால், விட்டுப்போன ஒரு கணக்கின் பாஸ்வேர்ட் லிங்க் அவருக்குப் போய்ச் சேரும். மூடாமல் காலியாக விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் நிலையில்லை, இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023-ல் அறிவித்து, அந்த வருட டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் அந்த 64 இடங்களில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

இப்போது மூன்று வேலை பாக்கி. 64-ல் இரண்டு தளங்கள் முகவரி மாற்ற இன்னும் பதில் தரவில்லை. பழைய பெட்டியில் தானியங்கிப் பதில் ஒன்று போட்டிருக்கிறேன், புது முகவரியை எல்லோருக்கும் காட்டாமல், வேண்டியவர்கள் போனில் கேட்கட்டும் என்று மட்டும். அது இந்த மாதக் கடைசி வரை ஓடும். கடைசியாக, மூடிய பிறகு காத்திருப்புக் காலத்தில் தவறிக்கூட உள்ளே நுழையக்கூடாது. சில இடங்களில் ஒருமுறை நுழைந்தாலே நீக்கும் கோரிக்கை ரத்தாகிவிடும், போனிலோ பழைய டேப்லெட்டிலோ மறந்துபோய் லாகினில் இருக்கும் ஆப்பை ஒரு முறை திறந்தாலும் போதும். நேற்று செட்டிங்ஸில் போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்தினேன். நான் மறந்தே போன ஒரு கணினி அந்தப் பட்டியலில் இருந்தது, கடைசியாக நுழைந்தது 2019. அதையும் வெளியேற்றியாகிவிட்டது.